யானைக் காவலுக்குப் பைனாகுலர் வாங்குமுன் கண்ணைப் பாருங்கள்

அறுவடை நெருங்கும் நாட்களில் கண் பரிசோதனைக்கு வரும் விவசாயிகளில் சிலர், மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுத்து முடிந்த பிறகும் எழும்பமாட்டார்கள். "தம்பி, வயல்காவலுக்கு ஒரு பைனாகுலர் எடுக்க வேணும். எத்தனை எக்ஸ் நல்லது?" என்று கேட்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் வெல்லாவெளி, உன்னிச்சையிலிருந்து வருகிறவர்களும், அம்பாறைப் பக்கம் லகுகலை, பொத்துவிலிலிருந்து வருகிறவர்களும் கேட்பது இதைத்தான். சிலர் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள். பிறகு, "பகலில நல்லாத் தெரியுது, பொழுதுபட்டா ஒண்டும் தெரியுதில்ல" என்று அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள்.

கண் பரிசோதிப்பதுதான் என் தொழில். பைனாகுலர் விற்பதில்லை. ஆனால் அது கண்ணோடு சேர்ந்துதான் வேலை செய்யும். கண்ணின் நிலை தெரியாமல் வாங்கினால் காசு வீண். காசு மட்டும்தான் வீண் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2019-இல் மட்டும் இலங்கையில் யானை-மனித மோதலில் 400-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 120 பேர் அளவில் மனிதரும் இறந்தார்கள். யானை காட்டோரத்திலிருந்து வயலுக்கும் குளத்துக்கும் இறங்குவது பெரும்பாலும் பொழுதுபடும் நேரத்தில். மனிதக் கண் தடுமாறுவதும் அந்த நேரத்தில்தான்.

யானைக்குப் பார்வை குறைவு, மோப்பம் அபாரம். காற்று உங்கள் பக்கமிருந்து வீசினால், நீங்கள் அதைக் காணுமுன் அது உங்களை அறிந்துவிடும். ஓடித் தப்பலாம் என்றால் அதுவும் முடியாது, நம்மைவிட வேகமாக ஓடும். ஆகவே தூரத்தில் வைத்தே காண வேண்டும். 300 மீற்றருக்கு அப்பால் கண்டுவிட்டால் பக்கத்துக் காவல் வாடிக்குக் குரல் கொடுக்கலாம், யானையை விரட்டப் போடும் யானை வெடியை எடுத்து வைக்கலாம், வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அழைக்கலாம். தனியனா கூட்டமா, குட்டி நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். குட்டி இருக்கும் கூட்டம் என்றால் கிட்டப் போகாமல் விடலாம்.

சரி, எத்தனை எக்ஸ்? இந்தக் கேள்வியிலிருந்துதான் பிழை தொடங்குகிறது.

பைனாகுலரின் மேல் 8×32, 10×25, 7×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். எல்லாரும் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். பொழுதுபட்ட நேரத்துக்கு வேண்டியது இரண்டாவதை முதலாவதால் வகுத்து வரும் எண். 8×32 என்றால் 4. 10×25 என்றால் 2.5. 7×50 என்றால் 7-க்குச் சற்று மேல். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது, மில்லிமீற்றரில்.

இதைக் கடையிலேயே கண்ணால் பார்க்கலாம். பைனாகுலரை வெளிச்சமான வானத்துக்கு நேரே, ஆனால் சூரியன் இல்லாத பக்கமாகக் கை நீட்டிப் பிடியுங்கள். கண் வைக்கும் வில்லையின் நடுவில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். பெட்டியில் எழுதிய கணக்குச் சரியா என்பதை அந்த வட்டமே சொல்லிவிடும். 8×40 என்று எழுதியிருந்தால் 5 மி.மீ. வட்டம் தெரிய வேண்டும். சில பெட்டியில் 60×60 என்று போட்டிருப்பார்கள், அந்தக் கணக்கு உண்மையென்றால் 1 மி.மீ. வட்டம்தான் தெரியும், பொழுதுபட்ட நேரத்துக்கு அது உதவாது. வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலச் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி, அதாவது பட்டகம், மலிவானது. அதற்காக உடனே ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் விலையைப் பேசுங்கள்.

இனி உங்கள் கண். கருவிழியின் நடுவில் இருக்கும் துவாரத்தைத்தான் கண்மணி என்கிறோம். வெயிலில் அது 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருட்டில் விரியும். வெயிலில் சுருங்கிய கண்ணுக்கு 2.5 மி.மீ. ஒளிவட்டமே போதும். அதனால் கடைவாசலில் நண்பகலில் எடுத்துப் பார்த்தால் எல்லாப் பைனாகுலரும் நல்ல பைனாகுலராகத்தான் தெரியும். பொழுதுபட்டுக் கண்மணி 5 மி.மீ. விரிந்த பிறகு அதே 10×25-ஐ வைத்துப் பாருங்கள். உங்கள் கண் வாங்கக்கூடிய ஒளியில் நாலில் ஒரு பங்குதான் உள்ளே போகும். காட்டோரத்தில் நிற்கும் யானை கறுத்த பற்றையாகத் தெரிவதற்கு அதுவே போதும்.

வயது ஏற ஏற, கண்மணி இருட்டில் விரிவதும் குறையும். இருபதுகளில் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் பொதுவாக 5, எழுபதில் 4 அளவில் நின்றுவிடும். ஆளுக்காள் வேறுபாடு உண்டு. மங்கலான அறையில் சற்று நேரம் இருத்தி அளவுகோல் வைத்து அளந்துவிடலாம், கேளுங்கள்.

இதில் வயதானவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. "பெரிசா எடுத்தாத்தான் இருட்டில தெரியும்" என்று ஒரு கிலோ அளவில் இருக்கும் 7×50-ஐ வாங்கிக் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். 5 மி.மீ. மட்டும் விரியும் கண்ணுக்கு அந்த 50 மி.மீ. வில்லையில் 35 மி.மீ.தான் பயன்படும். மிச்ச ஒளி கண்மணிக்கு வெளியே விழுந்து வீணாகும். அவருக்கு 7×35-உம் 7×50-உம் ஒரே வெளிச்சம்தான். ஐம்பது, அறுபது வயதில் காவலுக்குப் போகிறவர் எடை குறைந்ததை மனக்குறை இல்லாமல் எடுக்கலாம். 8×32 என்றால் பெரும்பாலும் 450-இலிருந்து 600 கிராமுக்குள் இருக்கும். இளம் பிள்ளைகளுக்கு 8×42 கூடுதல் வெளிச்சம் தரும், எடை 650-இலிருந்து 800 கிராம் வரை போகும். சட்டைப்பையில் அடங்கும் 8×25, 300 கிராம் அளவில் இருக்கும், பகலுக்கு நல்லது. காவலுக்குப் போதாது.

எடையை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், காவலுக்குப் போகிறவரின் கையைப் பாருங்கள். டோச், வெடி, போன், தேத்தண்ணிப் போத்தல். சேற்று வரம்பில் இதையெல்லாம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பாரமான பைனாகுலர் இரண்டு இரவு கழுத்தில் தொங்கும், மூன்றாம் இரவு வாடியில் ஆணியில் தொங்கும். வரம்பில் நிற்கிறவருக்கு அதனால் என்ன பயன்?

கை நடுக்கமும் இருக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுமோ அத்தனை மடங்கு நடுக்கத்தையும் காட்டும். சம்மாந்துறைக் காக்கா ஒருவர் 20×50 ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணில் கோளாறு என்று நினைத்துத்தான் வந்திருந்தார். ஜன்னலோரம் கூட்டிப்போய், தெருவுக்கு அப்பால் இருந்த கடைப்பலகையின் கீழ்வரியை வாசிக்கச் சொன்னேன். எழுத்து ஆடியது, வாசிக்க முடியவில்லை. இரண்டு முழங்கைகளையும் ஜன்னல் கட்டையில் ஊன்றச் சொன்னேன், பாதி வாசித்தார். எங்களிடமிருந்த 8×32-ஐக் கொடுத்தேன். கையை ஊன்றாமலே தொலைபேசி எண் வரை வாசித்துவிட்டு, "இது சின்னனாக் காட்டுது, ஆனா நிக்குது" என்றார். பரணில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது 8 மடங்கே கையில் பிடிக்கத் தோதானது. 10-ஐ முழங்கை ஊன்றிப் பிடிக்கலாம். அதற்கு மேல் முக்காலி வேண்டும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்பியே தெளிவாக்கிக்கொள்ளலாம். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஓர் எண் கூடுதலாக இருந்தால், அதைப் பைனாகுலரால் சரிசெய்ய முடியாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்படியானால் கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவில் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி தரும் பைனாகுலரைக் கேளுங்கள், ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். பேப்பர் வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே வேண்டாம்.

பைனாகுலர் வாங்க வந்தவருக்குக் கண்புரை இருப்பதைக் கண்டு அனுப்பிவைப்பது எங்களுக்கு அடிக்கடி நடக்கிறது. பொழுதுபட்டால் மங்கல், எதிரே வரும் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தைச் சுற்றி வளையம், டோச் பட்டால் கண் கூசுவது, அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டி வருவது, இவையெல்லாம் கண்புரையின் குறிகள். எந்த விலையுள்ள பைனாகுலரும் அதைத் தாண்டிக் காட்டாது. சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலையிலோ கண் பிரிவைக் கேட்டுப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருட்டில் தடுமாறுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், மாலைக்கண் என்று விட்டுவிடாதீர்கள். உயிர்ச்சத்து ஏ குறைபாடாகவும் இருக்கலாம், பரம்பரையாக வரும் விழித்திரை நோயாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையை இரவுக் காவலுக்கு அனுப்பக் கூடாது.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடங்கள் ஆகும். நம் ஊரில் சூரியன் மறைந்து இருட்டு இறங்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பொழுது சாயும்போதே பரணில் ஏறி இருந்துவிடுங்கள். போனைப் பார்த்தால் பழகிய கண் திரும்பக் கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது. டோச்சின் முன்னால் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மங்கலில் ஒன்றை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவது போலிருக்கும். விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கல் ஒளிக்குரிய கலங்கள் இல்லாததே காரணம். சற்றுப் பக்கத்தில் பார்வையை வையுங்கள், உருவம் தெரியும். மையிருட்டில் மட்டும் எந்தப் பைனாகுலரும் உதவாது. மலிவான பெட்டியில் நைட் விஷன் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சிவப்பாக மின்னும் ரூபி வில்லையையும் விடுங்கள், அது வரும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பச்சையோ ஊதாவோ மெல்லிய நிறத்தில் மின்னுவது பரவாயில்லை.

துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பற்றியும் இளைஞர்கள் சிலர், "எயார் ரைபிள் ஸ்கோப் பாரமில்லாமல் இருக்கே, அதை எடுத்தா என்ன?" என்கிறார்கள். வேண்டாம். 3-9×40, அதாவது 3-இலிருந்து 9 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் 100 மீற்றரில் 4, 5 மீற்றர் அகலம்தான் தெரியும். 8 மடங்குப் பைனாகுலர் ஏறக்குறைய 13 மீற்றர் காட்டும். ஒரு கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும், கண்ணை 8, 10 சென்ரிமீற்றர் தள்ளி ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். அசைந்தால் கறுப்பு. காட்டோரம் முழுவதையும் தேடுகிறவருக்கு அது உதவாது.

ஸ்கோப்பைத் துவக்கில் பூட்டியபடி தூரம் பார்க்கிற பழக்கம் இதைவிட மோசம். ஸ்கோப்பால் பார்க்கிறீர்கள் என்றால் குழல் அங்கே நீட்டியிருக்கிறது. மங்கலில் கறுப்பாகத் தெரிவது பக்கத்து வயல்காரரின் எருமையாக இருக்கலாம், பனிக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரம்பில் குந்தியிருக்கும் அவராகவே இருக்கலாம். துவக்கின் உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளப்பது வேட்டை நடக்கும் நாடுகளில் தெரிந்த காயம். சட்டமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரமில்லாத துவக்கு 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம், யானையைச் சுடுவது 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். காயப்பட்ட யானை அந்த வட்டைக்கே, முழு வயல்வெளிக்கே ஆபத்து.

வாவிக் காற்றும் கடல் ஈரமும் உள்ள ஊரில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நீர் புகாதபடி நைதரசன் அடைத்தது கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். இரவு முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சாரன் தலைப்பால் வில்லையைத் துடைக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் வயல்மண் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டுப் பிறகு மெல்லிய துணி. பிள்ளைகள் கையில் கொடுத்தால் சூரியனைப் பார்க்கக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், ஒரு கணம் போதும் விழித்திரை கருக.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று. இரண்டு குழல்களையும் மடித்து, இரண்டு வட்டங்கள் ஒன்றாகும்வரை உங்கள் கண்ணிடைவெளிக்குச் சரிசெய்யுங்கள். வலது முன்வில்லையைக் கையால் மூடி, தூரத்திலுள்ள ஒரு பனையையோ கம்பத்தையோ நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடிவிட்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இதற்குப் பிறகும் உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, சில நிமிடத்தில் தலையிடித்தாலோ குழல்கள் நேரில் இல்லை, கடையில் திருப்பிக் கொடுங்கள். சரியாக வந்தால் வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். அண்ணனும் தம்பியும் முறைமாறிக் காவல் இருக்கும் வீடென்றால் இரண்டு நிறத்தில் இரண்டு புள்ளி.