காபரேட்டர் – எரிகலப்பி

கராஜிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் நாம் சொல்வது காபரேட்டர்தான். லத்தீனில் ‘கார்போ’ என்றால் கரி. நம் பாடப்புத்தகத்துக் காபனும் அதே வேர். பிரெஞ்சில் ‘கார்ப்யூர்’ என்றால் காபன் சேர்ந்த சேர்வை. வாயு விளக்குக் காலத்தில், சுடர் பிரகாசமாக எரிய வாயுவுடன் எண்ணெய் ஆவி சேர்ப்பதையும் காபன் ஏற்றுவது என்றே சொன்னார்கள். பிறகு காற்றில் பெற்றோலைக் கலக்கும் கருவிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் காற்றுக்கலப்பி, எரிகலப்பி என இரண்டு உண்டு. எரிகலப்பிதான் பொருத்தம் என்பேன். காற்றை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும். அளந்து சேர்க்க வேண்டியது எரிபொருளை. ஒலிபெருக்கி, குளிரூட்டி போல, செய்யும் வேலையைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த வேலையின் அருமை மலையில்தான் தெரியும். குழாயின் குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்க, அங்கே அமுக்கம் குறைந்து, ஜெட் என்ற சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு வழியாகப் பெற்றோல் மேலே இழுபடுகிறது. முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால்தான் கீழே நன்றாக ஓடிய பைக், நுவரெலியா போகும் வழியிலுள்ள ரம்பொடை ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது. ப்ளக்கைக் கழற்றினால் முனையில் கரி அப்பியிருக்கிறது.

உடனே “பெரிய காபரேட்டர் போட்டா இழுக்கும் அண்ணே” என்பார்கள். கையில் காசு குறைவென்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். காபரேட்டரின் வாய் எஞ்சினுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் காற்றின் வேகம் விழுந்துவிடும். முதலாம் கியரில் ஊர்ந்து ஏறும் தோட்டப் பாதையில் இன்னும் மோசமாகும். முதலில் எயார் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, இப்போதுள்ளதைவிட ஓரிரு எண் சிறிய துளையுள்ள மெயின் ஜெட் வாங்கிப் போடுங்கள். புதுக் காபரேட்டர் விலையில் இது சிறு பகுதிதான். காபரேட்டருக்குள் பெற்றோல் வரும் துளையில் இறங்கி நிற்கும் ஊசியில் கிளிப் மாற்றும் வெட்டுகள் இருந்தால், கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் ஊசி கீழிறங்கி, எக்ஸிலரேட்டரைப் பாதி திருகி ஓடும்போது பெற்றோல் குறையும். ஜெட் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும். மாற்றிய பழைய ஜெட்டை வைத்திருங்கள். கொழும்புப் பக்கமே ஓட வேண்டி வந்தால் அதையே திரும்பப் போட வேண்டும். சிறிய ஜெட்டோடு அங்கே ஓடினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.