விருந்தில் பீருக்குப் பதில் கஞ்சா பானம்: தென்னாப்பிரிக்காவில் எது செல்லும், எங்கே மாட்டுவோம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், அப்போது அவனுக்கு இருபத்திமூன்று வயது. புரட்டாசி மாதம். வீட்டில் இறைச்சியும் கிடையாது, சாராயமும் கிடையாது. நண்பர்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான், அம்மா சைவ பிரியாணி செய்து வைத்திருந்தார். பீருக்குப் பதிலாக இருக்கட்டும் என்று ஒரு கடையில் ஆறு டின் கஞ்சா பானம் வாங்கினான். ஒவ்வொன்றிலும் போதை தரும் டி.எச்.சி. 5 மில்லிகிராம் என்று அச்சடித்திருந்தது. விரதத்துக்கு அது ஆகுமா ஆகாதா என்பது அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் பேச வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. வரும் வழியில் போலீஸ் ரோட் பிளாக், பையைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு போலீஸ் நிலைய சார்ஜ் ஆபீஸில் ஒரு தாளை நகர்த்தி வைத்து, "கையெழுத்துப் போடு, பணத்தைக் கட்டு, வீட்டுக்குப் போ" என்றார்கள். கவுண்டரில் நூலில் கட்டித் தொங்கிய பேனாவால் கையெழுத்துப் போட்டான். அம்மாதான் பணம் கொண்டுபோய்க் கட்டினார். வீட்டுக்கு வந்து பிரியாணியைச் சுடவைத்துச் சாப்பிட்டார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேலை கிடைத்து, கைரேகை எடுத்துச் சரிபார்த்தபோதுதான் அவன்மேல் குற்றப்பதிவு இருப்பது தெரிந்தது. வேலை போய்விட்டது.

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் உட்கார்ந்து குற்றப்பதிவை அழிக்கக் கேட்கும் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். இதே கதையோடு பலர் வந்துவிட்டார்கள். "கஞ்சா இப்போ சட்டப்படி செல்லும்தானே அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். பாதிதான் செல்லும். மீதிப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்கு இந்தத் தடை புதிதில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய பத்தே வருடத்தில், 1870இல், கூலிகள் கஞ்சா வைத்திருக்கக் கூடாது என்று நேட்டாலில் (டர்பன் இருந்த அன்றைய காலனி) சட்டம் போட்டார்கள். 2018 செப்டம்பர் 18இல் அரசியலமைப்பு நீதிமன்றம், வயதுவந்தவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தனிப்பட்ட இடத்தில் கஞ்சா பயன்படுத்துவதும் வைத்திருப்பதும் வளர்ப்பதும் குற்றமில்லை என்றது. அதற்கேற்ற சட்டத்தில் அதிபர் ராமபோசா 2024 மே 28இல் கையெழுத்திட்டார். கையெழுத்து வேறு, அமல் வேறு. அதிபர் தனியாக ஒரு தேதி அறிவித்தால்தான் சட்டம் உயிர்பெறும், ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேதி வரவில்லை. அதனால் பத்திரிகைச் செய்தியை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டு போலீஸிடம் காட்டி வாதாடாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றாது.

முதல் கண்ணி, வாங்குவது. 2018 தீர்ப்பு வாங்குவதை அனுமதிக்கவே இல்லை, விற்பதையும் அனுமதிக்கவில்லை. "பட்டப்பகலில் கடை திறந்து வைத்திருக்கிறார்களே, லைசென்ஸ் இருக்கிறது என்று சுவரில் மாட்டியிருக்கிறார்களே" என்பார்கள். கண்ணாடி ஃபிரேமுக்குள் இருக்கும் அந்தத் தாளை ஒருமுறை கிட்டப் போய்ப் படித்துப் பாருங்கள். அது வேளாண் துறை கொடுத்த ஹெம்ப் (போதை மிகக் குறைந்த கஞ்சா வகை) அனுமதியாக இருக்கும், அல்லது மருந்துக்காகக் கஞ்சா வளர்க்கிற உரிமத்தின் நகலாக இருக்கும், சில கடைகளில் வெறும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ்தான் தொங்குகிறது. உங்கள் விருந்துக்கு டின் விற்க இவை எதுவுமே அனுமதி தராது. "மெம்பர் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், இது பிரைவேட் கிளப்" என்பது அடுத்த பேச்சு. உறுப்பினருக்காகச் செடி வளர்த்துக் கொடுக்கும் கிளப் முறை செல்லாது என்று 2022இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

டின்னில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். போதை தருவது டி.எச்.சி. மருந்துச் சட்டத்தின் கீழ், பதப்படுத்திய பொருளில் டி.எச்.சி. 0.001 சதவீதத்துக்கு மேல் போனால் அது 6ஆம் அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 330 மில்லி டின்னுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 மில்லிகிராம். அந்தப் பையன் வாங்கிய 5 மில்லிகிராம் டின் 'லோ டோஸ்' என்று விற்கப்பட்டது, சட்டத்தின் கணக்கில் அது வரம்புக்கு வெளியே. அளவு குறைவு என்பது கடைக்காரர் பாஷை. வரம்புக்குள் இருந்தாலும் ரோட் பிளாக்கில் நிற்கும் போலீஸ்காரரிடம் ஆய்வகம் இல்லை, டின்னில் இருக்கும் இலைப் படத்தைத்தான் அவர் பார்ப்பார். கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. மட்டும் உள்ளது வேறு வகை. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாத துணைமருந்துக்கு 2020இல் விலக்கு வந்தது, அது போதை தராது. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள், பார்த்து எடுங்கள்.

இதை யாரிடம் கேட்டு உறுதிசெய்வது என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரு அலுவலகத்தில் பானம் என்றால் உணவு, அதனால் சுகாதாரம் என்றார்கள். அங்கே போனால் கஞ்சா என்றால் மருந்து, எங்கள் மேசை இல்லை என்றார்கள். மதுபான உரிமம் கொடுக்கிற இடத்தில், ஆல்கஹால் இல்லாததற்கு நாங்கள் எதற்கு என்றார்கள். கடைசியாக ஒருவர் விதிமுறை வரும்வரை காத்திருங்கள் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன், யாரும் கொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் சுகாதார அமைச்சர் மொட்சோலேடி கஞ்சா, ஹெம்ப் கலந்த உணவுகளை விற்கவே கூடாது என்று அரசிதழில் போட்டார், சில வாரங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. உடனே கடைகளில் 'இனி எல்லாம் ஓகே' என்று போர்டு வந்தது. தடையை வாபஸ் வாங்கினால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது. இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் யாரும் சார்ஜ் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காரப்போவதில்லை, நம் பிள்ளைகள்தான் உட்கார்கிறார்கள்.

சரி, வீட்டுச் செடியில் நீங்களே தயாரித்தது என்று வைத்துக்கொள்வோம். விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கலாமா? 1992 போதைப்பொருள் சட்டத்தில் 'டீலிங்' என்ற சொல்லுக்குள் பிறருக்குக் கொடுப்பதும் அடங்குகிறது. தீர்ப்பு சொன்னது சொந்த உபயோகம். நடைமுறையில் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு யாரும் ரெய்டு வரப்போவதில்லை, 2023இலேயே தனிப்பட்ட உபயோகத்துக்காகக் கைது செய்ய வேண்டாம் என்று போலீஸ் தலைமை உத்தரவு அனுப்பியிருக்கிறது. ஆனால் காசு புழங்கினால் கதை மாறிவிடும். "ஆளுக்கு ஐம்பது ரேண்ட் போடுங்கள், நான் ட்ரிங்க்ஸ் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும், அது விற்பனைக்குச் சாட்சி. புதிய சட்டத்திலும் இதே கவனம் வேண்டும், பிரதிபலன் வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது. பிரதிபலன் என்றால் பணம் மட்டும் இல்லை, பரிசும் சலுகையும் ஆதாயமும் அதில் வரும். டிக்கெட் போட்ட விருந்து, வாடகை ஹால், ரெஸ்டாரண்ட் மேசை இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வைத்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 115 கிராம் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதற்கு மேல் வைத்திருந்தாலே வியாபாரி என்ற அனுமானத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இலேயே ரத்துசெய்துவிட்டது. 2018 தீர்ப்பு எண் எதுவும் தரவில்லை. சூழ்நிலையைப் பார்த்து போலீஸ் முடிவுசெய்யும், பிறகு நீதிமன்றம் முடிவுசெய்யும். ஃப்ரிட்ஜில் இரண்டு பாட்டில் இருப்பதும் கராஜில் மூன்று பெட்டி அடுக்கியிருப்பதும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது.

இப்போது மேசைக்கு வருவோம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இந்த டின்கள் பார்க்க அசல் சர்பத் டின் மாதிரியே இருக்கின்றன, பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஃப்ரிட்ஜில் மற்ற பானங்களோடு கலக்க வேண்டாம், பூட்டுள்ள அலமாரியே நல்லது. யாருக்கும் சொல்லாமல் கலந்து கொடுக்காதீர்கள், அது விளையாட்டில்லை, குற்றம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. சில பானங்கள் கால் மணியில் ஏறும், வீட்டில் தயாரித்ததற்கு ஒரு மணி, இரண்டு மணிகூட ஆகும். ஒன்றுமே ஆகவில்லையே என்று இரண்டாவது கிளாஸ் கேட்பவர்தான் நடுராத்திரி பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருப்பார். சாராயத்தோடு சேர்த்தால் இன்னும் மோசம்.

குடித்தவர் ஓட்டக் கூடாது. சாராயத்துக்கு இரத்தத்தில் 0.05 என்று ஒரு வரம்பாவது இருக்கிறது, கஞ்சாவுக்கு அப்படி எண் கிடையாது, போதையில் ஓட்டினாலே சாலைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. பக்கத்தில்தானே, பத்து நிமிஷம் என்று சாவியை எடுப்பவரிடமிருந்து சாவியை வாங்கி வையுங்கள், பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களிடம் முன்னாலேயே கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் இது பல நாள் கழித்தும் தெரியும். வீட்டில் கஞ்சா பயன்படுத்திய ஒரு அலுவலக ஊழியரை வேலையை விட்டு நீக்கியது தவறு என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொன்னது உண்மை. அவர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற உங்கள் மாமா பையனுக்கு அந்தத் தீர்ப்பு குடையாகாது. அவருக்கு இஞ்சி பீர் கொடுங்கள்.

கடைசியாக அந்தத் தாள். பிடித்துக்கொண்டு போய்விட்டால் அங்கே இரண்டு விதமாகப் பணம் கட்டலாம், இரண்டும் ஒன்றில்லை. ஒன்று போலீஸ் ஜாமீன். பணம் கட்டி வெளியே வந்து குறித்த நாளில் நீதிமன்றம் போவீர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. மற்றது 'அட்மிஷன் ஆஃப் கில்ட்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது. அதில் கையெழுத்திட்டுப் பணம் கட்டினால் நீதிமன்றப் பதிவில் ஏறியதும் நீங்கள் தண்டிக்கப்பட்டவர், அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். ரசீதை வாங்கும் முன் இது எது என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பேசாமல் இருக்கும் உரிமை உண்டு, வக்கீல் கேட்கும் உரிமை உண்டு, 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை பிடித்தால் அது திங்கள் வரை இழுக்கும், அதை வைத்துத்தான் பயமுறுத்துவார்கள். மூன்று இரவு கஷ்டம்தான். பதிவு குறைந்தது பத்து வருடம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள்: இப்போதுள்ள வழியில் தண்டனைக்குப் பத்து வருடம் கழித்துத்தான் பதிவை அழிக்க விண்ணப்பிக்க முடியும், அதுவும் அபராதம் 20,000 ரேண்டைத் தாண்டாமல் இருந்தால். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் இல்லாமல் அனுப்பினால் திரும்பி வரும், அதனால் முதலில் கைரேகை, பிறகு சான்றிதழ், அதற்குப் பிறகே நீதித் துறைப் படிவம். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுங்கள், கவுண்டரில் தேதி முத்திரை கேட்டு வாங்குங்கள், முத்திரை இல்லாத விண்ணப்பம் வரவே இல்லை என்பார்கள். புதிய சட்டம் அமலானால் கஞ்சா வைத்திருந்ததற்கான பதிவுகளை அழிக்க அதில் வழி இருக்கிறது, அதற்காகத் தண்டனைத் தாளைத் தொலைக்காமல் வையுங்கள். சட்ட உதவிக்கு லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110. வேலை நேரத்தில் கூப்பிடுங்கள், வழக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.