ஜிபிஎஸ் மீட்டர் வாங்கப் போறீங்களா, மொதல்ல உங்க ரோட்டை பாருங்க

தேனி மாவட்டம் போடியில சின்னதா ஒரு சைக்கிள் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், பதினாலு வருசமாச்சு. முன்னெல்லாம் பஞ்சர், பிரேக் கட்டை, செயின், இதுதான் பொழப்பு. இப்ப தேனி, சின்னமனூர், கம்பம்னு எல்லா ஊர்லயும் கியர் சைக்கிள் வந்துருச்சு, ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு முந்தல் செக்போஸ்ட்ல போய் நின்னா லைட்டு போட்டுக்கிட்டு பத்து பேராவது போடிமெட்டு மேட்டுக்கு ஏறிட்டு இருப்பாங்க. அதுல பாதி பேர் ஹேண்டில்ல ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் இருக்கு, அதாவது வேகம், தூரம், உயரம், வழியெல்லாம் காட்டி ரெக்கார்டு பண்ற மீட்டர். ஆனா "அண்ணே எதை வாங்கலாம்"னு கேட்டுட்டு வாங்குனவங்க கம்மி, வாங்கிட்டு வந்து "அண்ணே இது ஏன் இப்படி காட்டுது"ன்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. யூடியூப்ல ஐரோப்பாக்காரர் நல்லா இருக்குன்னு சொன்னா நம்ம ஊருக்கும் நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்லப்பா. அதான் உக்காந்து எழுதுறேன்.

கடைக்கு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது பட்ஜெட்டை இல்ல. "போன மூணு மாசத்துல நீ ஓட்டுனதுலயே பெரிய ரைடு எத்தனை மணி நேரம்?" கிலோமீட்டரை சொல்லுவாங்க, இல்லப்பா மணி நேரத்தை சொல்லும்பேன். ஏன்னா பேட்டரி கிலோமீட்டரை பாத்து தீராது. தேனியில இருந்து பெரியகுளம் போற கிலோமீட்டரும் போடியில இருந்து போடிமெட்டு ஏறுற இருபத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சமும் ஒண்ணா? அங்க ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும், இங்க புதுசா ஏறுறவருக்கு மூணு மணி நேரம் ஆகும்.

பாக்ஸ்ல போட்டிருக்கிற மணி நேரத்தை அப்படியே நம்பாதீங்க. லைட்டை அணைச்சு, சென்சார் எதையும் இணைக்காம, சும்மா ரெக்கார்டு மட்டும் ஓடவிட்டா வர்ற கணக்காதான் அது பெரும்பாலும் இருக்கும். சில கம்பெனிங்க கடுமையா யூஸ் பண்ணா இவ்வளவு, சிக்கனமா யூஸ் பண்ணா இவ்வளவுன்னு ரெண்டா பிரிச்சே போடுறாங்க, கார்மின் எட்ஜ் 540க்கு 26 மணி நேரம், 42 மணி நேரம்னு இருக்கும், இதுல சின்ன நம்பரைத்தான் எடுத்துக்கணும். மேப் ஓடணும், ஹார்ட் ரேட் பெல்ட் இணைஞ்சிருக்கணும், போன் ப்ளூடூத் ஓடணும், விடியுறதுக்கு முன்னாடி கெளம்புறதால லைட்டு எரியணும், எல்லாம் சேந்தா ஒரே நம்பர் போட்டிருக்கிற பாக்ஸ்ல சொன்னதுல மூணுல ரெண்டு பங்கு வந்தா சந்தோசப்படுங்கன்னுதான் நான் சொல்லுவேன். ரெண்டு மூணு வருசம் போச்சுன்னா பேட்டரிக்கு வயசாயிரும், அதையும் கழிச்சுக்கங்க.

சின்னமனூர் தம்பி ஒருத்தன் போன வருசம் மொத தடவையா 300 கிலோமீட்டர் பிஆர்எம் போனான், அதாவது நேரக் கெடுவுக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ரைடு. பிஆர்எம்ல 200க்கு பதிமூணரை மணி நேரம், 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40ன்னு டைம் குடுப்பாங்க. அவன் வச்சிருந்தது பாக்ஸ்ல பதினாறு மணி நேரம்னு போட்ட மீட்டர். பதினோராவது மணி நேரத்துல அணைஞ்சு போச்சு, ராத்திரி, ரோடு தெரியாது, முன்னாடி போனவரோட செவப்பு லைட்டை பாத்துக்கிட்டே ஓட்டி முடிச்சான். பவர் பேங்க் இருந்துச்சாம், ஆனா தூத்தல் போட்டுச்சு, சார்ஜ் போடுற ஓட்டையோட ரப்பர் மூடியை தொறந்தா தண்ணி உள்ள போயிரும்னு பயந்துட்டான். அவன் பயந்ததும் சரிதான். தண்ணி தாங்குற தரம் ஐபிஎக்ஸ் 7னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு கணக்கு, ஆனா அது மூடி மூடியிருக்கும்போது. அதனால பிஆர்எம் ஆசை இருக்கிறவங்க வேற எதையும் பாக்காம பேட்டரியை மட்டும் பாத்து வாங்குனாக்கூட நான் தப்பு சொல்லமாட்டேன். பழைய மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை உள்ளது சல்லிசா கெடைக்குதுன்னு எடுக்காதீங்க, வழியில யார்கிட்டயும் அந்த ஒயர் இருக்காது, டைப் சி எல்லார்கிட்டயும் இருக்கு.

அடுத்து மேப். இதுலதான் நம்ம கேரளா பார்டர் ஊருக்குன்னு ஒரு விசயம் இருக்கு. மேட்டுக்கு இந்தப் பக்கம் மேப் தேவையே இல்ல. போடிமெட்டு ஏற ஒரே ரோடு, கம்பம்மெட்டு ஏற ஒரே ரோடு, லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கும் அப்படித்தான், கண்ணை மூடிக்கிட்டு போகலாம் (லாரி வரும், மூடிறாதீங்க). ஆனா மேட்டைத் தாண்டி கேரளாவுக்குள்ள எறங்குனா கதை வேற. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கமெல்லாம் ஏலக்காய் தோட்டத்துக்குள்ள குட்டி குட்டி ரோடு வலை மாதிரி ஓடும், வீட்டுக்கு வீடு தார் ரோடு, எல்லாம் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், ஒவ்வொண்ணும் செங்குத்தா எங்கயோ பள்ளத்துல போய் விழும். வெறும் கோடு மட்டும் காட்டுற மீட்டர் இருக்குல்ல, அதாவது மேப் இல்லாம கருப்பு கோட்டு மேல நீங்க ஒரு அம்புக்குறியா நகருவீங்க, அது நம்ம பக்கம் தாராளமா போதும், அங்க போனா முக்குல வர்ற ரெண்டு ரோட்டுல எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள அம்பது மீட்டர் எறங்கியிருப்பீங்க, அப்புறம் அந்த அம்பது மீட்டரை தள்ளிக்கிட்டுத்தான் ஏறணும்.

மேப் இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். வழி தப்புனா தானே புது வழி போடுற வசதி சில மீட்டர்ல இருக்கும், அது பெரும்பாலும் குறுக்கு வழியைத்தான் தேடும், அந்தக் குறுக்கு வழி எவ்வளவு செங்குத்துன்னு யோசிக்காது. ஒரு தடவை நெடுங்கண்டம் தாண்டி எனக்கு அப்படித்தான் ஒரு ரோடு காட்டுச்சு, முன் வீல் தூக்குற அளவுக்கு ஏத்தம், அதுவும் போய் ஒரு எஸ்டேட் கேட்ல முடிஞ்சுபோச்சு. ஜீப்புல வந்தவர் சிரிச்சுக்கிட்டே "சேட்டா, வழி தெற்றியல்லோ"ன்னு, அதாவது வழி தப்பிருச்சேன்னு, சொல்லிட்டுப் போனாரு. அதுல இருந்து ராத்திரியே வீட்ல உக்காந்து ரூட்டை நானே வரைஞ்சு, ஜிபிஎக்ஸ்ங்கிற ரூட் ஃபைலா மீட்டர்ல ஏத்தி, ரீரூட்டை ஆஃப் பண்ணிட்டுத்தான் போறேன். கார்மின், வாஹூ, ஐஜிபிஎஸ்போர்ட், பிரைட்டன் எதை எடுத்தாலும் ரூட்டை உள்ள ஏத்துறது எவ்வளவு சுலபம்னு கடையிலயே கேட்டு ஒரு தடவை செஞ்சு பாருங்க, ஒவ்வொரு கம்பெனி ஆப்பும் ஒவ்வொரு மாதிரி, சிலது உயிரை வாங்கும்.

மேப் பத்தி இன்னொண்ணு. சொந்தக்காரர் துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்தாருன்னு கொண்டு வர்றாங்க, தொறந்து பாத்தா உள்ள இந்தியா மேப்பே இருக்காது, அங்க விக்கிறதுக்கு அந்த ஊர் மேப்பை ஏத்தி அனுப்பியிருப்பாங்க. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வச்சு இலவசமா எறக்கி ஏத்திக்கலாம், நானே பல பேருக்கு ஏத்திக் குடுத்திருக்கேன், ஆனா வாரண்டிக்கு இங்க யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு மூணே மாசத்துல ஸ்க்ரீன் போச்சு, வாங்குன நாட்டுல போய் பாருங்கன்னுட்டாங்க. மிச்சம் புடிச்ச நாலாயிரம் ரூபா அதோட போச்சு.

சரி, ஏத்தத்துக்கு வருவோம். மலை ஓட்டுறவங்க கட்டாயம் பாக்க வேண்டியது பாரோமீட்டர் இருக்கா இல்லையான்னு. மேல ஏற ஏற காத்தழுத்தம் கொறையும்ல, தரை மட்டத்துப் பக்கம் எட்டு ஒம்பது மீட்டர் ஏறுனா சுமாரா ஒரு ஹெக்டோபாஸ்கல் கொறையும், அதை வச்சு உயரம் கணக்கு போடுற சின்ன சென்சார் அது. அது இல்லாத மீட்டர் சேட்டிலைட்டை மட்டும் நம்பி உயரம் சொல்லும், சேட்டிலைட்டுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்றது சுலபம், எவ்வளவு உயரத்துல இருக்கீங்கன்னு சொல்றது கஷ்டம். போன்ல இருக்கிற ஆப் அப்புறமா உயரம் குறிச்ச தரைப்படத்தை வச்சு திருத்தும், ஆனா நம்ம மலை ரோடு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கோடு பத்து மீட்டர் தள்ளி விழுந்தா போதும், நீங்க பாறை உச்சியில இருக்கிற மாதிரியோ பள்ளத்துல கெடக்கிற மாதிரியோ கணக்கு வந்துரும். ஒரே நாள், ஒரே ரோடு, ரெண்டு பேர் சேந்து மேட்டுக்கு ஏறிட்டு வந்து ஒருத்தனுக்கு 1,060 மீட்டர், இன்னொருத்தனுக்கு 1,310 மீட்டர்னு சண்டை போட்டு என் கடை வாசல்ல நின்னாங்க. போடியில இருந்து மேட்டுக்கு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர்தான் ஏத்தம், பாரோமீட்டர் வச்சிருந்தவன் சொன்னதுதான் நெசத்துக்கு பக்கம். மத்தவன் இன்னும் ஒத்துக்கல.

பாரோமீட்டர் இருந்தாலும் கண்ணை மூடி நம்பக் கூடாது, மழை மேகம் கட்டுனா காத்தழுத்தம் தானா மாறும், நீங்க டீக்கடையில உக்காந்திருக்கும்போதே மீட்டர் இருபது மீட்டர் ஏறிடும். கெளம்புறதுக்கு முன்னாடி உயரம் தெரிஞ்ச எடத்துல சரி பண்ணிக்கங்க. அதுக்கு நான் சொல்ற எடம் ரயில்வே ஸ்டேஷன், மஞ்சள் போர்டுல ஊர் பேருக்கு கீழ கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்னு எழுதியிருப்பான், போடிக்கு 2023ல இருந்து திரும்ப ரயில் வருது, அங்க வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு சரி பண்ணிட்டு வரலாம். அப்புறம் அந்த சென்சாருக்கு மீட்டர் அடியில குட்டி ஓட்டை இருக்கும், வேர்வை உப்பு அடைச்சுரும், நல்ல தண்ணியில அலசுனா போதும், ஊசியை விட்டு குத்தாதீங்கய்யா, ரெண்டு மீட்டரை அப்படித்தான் காலி பண்ணாங்க. வாட்டர் சர்வீஸ் பண்ணும்போதும் மீட்டரை கழட்டி வச்சுட்டு தண்ணி அடிங்க.

போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. வீட்டுக்கு வந்து மேப்பை பாத்தா வளைவெல்லாம் குறுக்கால வெட்டி பள்ளத்து வழியா பறந்து வந்த மாதிரி கோடு போட்டிருக்கும், சைக்கிள் ஓட்டுனேனா பாராசூட்ல எறங்குனேனான்னு கேப்பாங்க. பாறை பக்கம் பாதி வானம் மறைஞ்சிரும், சிக்னல் பாறையில அடிச்சு திரும்பி வரும், அதான் கோடு தடுமாறுது. சில மீட்டர்ல பேட்டரி மிச்சம் புடிக்க செகண்டுக்கு ஒரு தடவை பதியாம விட்டு விட்டு பதியுற செட்டிங் இருக்கும், அதை மாத்தி ஒரு செகண்டுன்னு வைங்க, பாதி பிரச்சனை தீந்துரும். எல் 1, எல் 5ன்னு ரெண்டு அலைவரிசை புடிக்கிற மீட்டர் இன்னும் சுத்தமா காட்டும், ஆனா அதுக்கு வெலை ஜாஸ்தி, பேட்டரியும் கூட தின்னும். கோடு அழகா வரணும்ங்கிறதுக்காக மட்டும் அவ்வளவு காசு போட வேணாம்னு சொல்லுவேன். அந்தக் காசுல வீல் நடுவுல இருக்கிற ஹப்புல மாட்டுற ஸ்பீட் சென்சார் ஒண்ணு வாங்குங்க, ஆறு ஏழு கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து ஏறும்போது சேட்டிலைட் வேகம் சுழியத்துக்கும் பத்துக்கும் ஆடும், ஆட்டோ பாஸ் போட்டிருந்தா நீங்க நின்னுட்டீங்கன்னு நெனச்சு ரெக்கார்டையே நிறுத்திரும். சென்சார் இருந்தா வீல் சுத்துறதை எண்ணும், அவ்வளவுதான். டயர் சுற்றளவை சரியா போடணும், 700க்கு 25 டயர்னா 2105 மில்லிமீட்டர், 28னா 2136.

எல்லாத்துக்கும் மேல வீட்டம்மா விசயம். நீங்க எங்க போறீங்கன்னு வீட்டு போன்ல மேப் மேல ஒரு புள்ளியா காட்டுற லைவ் ட்ராக்கிங் இருக்குன்னு காட்டித்தான் பல பேர் வீட்ல பர்மிஷன் வாங்குறாங்க. மீட்டர் நேரா சேட்டிலைட்டுக்கு பேசி வீட்டுக்கு சொல்லுதுன்னு நெனப்பு. இல்லைங்க, சேட்டிலைட்ல இருந்து வாங்க மட்டும்தான் செய்யும், திருப்பி அனுப்பாது, உங்க பாக்கெட்ல இருக்கிற போன் நெட்டுதான் வீட்டுக்கு சொல்லுது. மலையில டவர் போச்சுன்னா புள்ளி அப்படியே நிக்கும். விழுந்தா மெசேஜ் அனுப்பும்னு சொல்ற வசதியும் இதே கதைதான். எங்க வீட்ல ஒரு தடவை ரெண்டு மணி நேரம் புள்ளி நகரலன்னு மச்சானை பைக்ல கெளப்பி விட்டுட்டாங்க, நான் பூப்பாறையில பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தேன். "புள்ளி நின்னா டவர் இல்லன்னு அர்த்தம், மதியம் ரெண்டு மணி வரைக்கும் போன் வரலன்னா தேடு"ன்னு வீட்ல தெளிவா சொல்லிட்டுப் போங்க.

இதெல்லாம் எதுவுமே தேவைப்படாதவங்களும் இருக்காங்க. தெனம் போடியில இருந்து தேனிக்கு ஸ்கூலுக்கு ஓட்டுற வாத்தியார் ஒருத்தர் முப்பதாயிரத்துக்கு மேப் மீட்டர் கேட்டு வந்தாரு. "சார், அந்த ரோட்டுல பதினஞ்சு வருசமா போறீங்க, மேப் எதுக்கு"ன்னு காந்தம் வச்ச ஒயர் மீட்டரை மாட்டி விட்டேன், வருசம் ஒரு தடவை பட்டன் பேட்டரி மாத்துறாரு. ரெக்கார்டு வேணும்னா போன்ல ஆப்பை ஓடவிட்டு ஸ்க்ரீனை அணைச்சு பாக்கெட்ல போட்டாலே போதும், வெயில்ல ஹேண்டில்ல மாட்டி ஸ்க்ரீனை எரியவிட்டாத்தான் போன் கொதிக்கும், சார்ஜும் எறங்கும்.

எறக்கத்துல மீட்டரை பாக்காதீங்க. சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்பெல்லாம் ஆள் ஏத்திக்கிட்டு எறங்குற நேரம், அறுபது வந்துச்சா அறுபத்தஞ்சு வந்துச்சான்னு குனிஞ்ச ஒரு செகண்டுல வளைவு வந்துரும். நான் எறக்கத்துக்குன்னு தனியா ஒரு பேஜ் வச்சிருக்கேன், அதுல மணி மட்டும்தான் தெரியும்.

கடைசியா, மீட்டரோட ஒரு சின்ன கயிறு தருவான், எல்லாரும் டப்பாவுலயே விட்டுருவாங்க, நானும்தான் விட்டிருந்தேன். 11வது வளைவு பக்கம் ஒரு குழியில எறங்கி ஏறுச்சு சைக்கிள், மவுண்ட்ல இருந்து மீட்டர் எகிறி தடுப்பு சுவரைத் தாண்டி போயிருச்சு. அன்னைக்கு பாத்து அங்க டவரும் இருந்துச்சு, லைவ் ட்ராக்கிங்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசிப் புள்ளி எங்கன்னு போன்ல பாத்தா 11வது வளைவுன்னு சரியா காட்டுது. சுவரைப் புடிச்சு எட்டிப் பாத்தேன், கீழ பச்சைப் பசேல்னு காடு.