திருப்புளியை எடுக்கும் முன் பில்லைத் தேடுங்கள்

சென்ற ஐப்பசியில் வால்பாறையிலிருந்து ஒரு தோட்ட மேற்பார்வையாளர் கோவையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். துணியில் சுற்றிய பைனாகுலரை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்க, இதை நீங்களாவது சரிசெய்து தர முடியுமா?" என்று கேட்டார். வாங்கிப் பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தும் சர்வீஸ் சென்டர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. கூடவே வந்த தாளில் இருந்தது ஒரே வரி: அங்கீகாரம் இல்லாதவர் திறந்திருப்பதால் வாரண்டி செல்லாது.

நான் லென்ஸைப் பார்க்கவில்லை. முன்பக்க லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தைத்தான் பார்த்தேன். அந்த வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு காடிகள் இருக்கும். இரண்டின் ஓரத்திலும் கறுப்பு வண்ணம் உரிந்து, அலுமினியம் பளபளத்தது. ஆடி மழையில் ஒரு குழலின் லென்ஸுக்கு உள்ளே மட்டும் பனி படிந்ததாம். துடைத்தால் போய்விடும் என்று மகனின் ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த காம்பஸால் வளையத்தைச் சுழற்றித் திறந்திருக்கிறார். பஞ்சால் துடைத்து, பழையபடியே மூடியும் இருக்கிறார்.

அவர் திறப்பதற்கு முன்பே அந்தக் கருவியில் குறை இருந்தது. அதுதான் இதில் வேதனை. நீர் புகாதவை என்று விற்கப்படும் பைனாகுலர்களின் உள்ளே ஈரம் இல்லாத நைட்ரஜன் வாயுவை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸின் வெளிப்புறம் பனிப்பது இயற்கை, துடைத்தால் போகும். உள்ளே பனிக்கிறது என்றால் அடைப்பு கசிகிறது. வாங்கிய எட்டு மாதத்தில், கீழே விழாமலேயே அடைப்பு கசிந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் குறைதான். அன்றே ஒரு புகைப்படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் நிறுவனம்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். காம்பஸ் முனை பட்டதும் பொறுப்பு இவர் தலைக்கு மாறிவிட்டது.

அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதுப் பைனாகுலர் கொண்டுவந்தார். பார்த்தால் காட்சி இரண்டாகத் தெரிகிறது, பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது என்றார். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பட்டகம் (பிரிசம்) சற்று நகர்ந்திருந்தது. மூடியைக் கழற்றி, திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிசெய்து கொடுத்தேன். பில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஃபோகஸ் சக்கரம் உள்ளேயே முறிந்துவிட்டது. அதற்கும் என் கைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நிறுவனம் மூடியில் இருந்த திருப்புளித் தடத்தைக் காட்டி மறுத்துவிட்டது. ஆசிரியர் என்னிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் பில்லும் தேதியும் பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொடுகிறேன். வாரண்டி இருந்தால் வந்த வேலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உங்கள் ஊரில் பழுதுபார்ப்பவரும் அப்படித் திருப்பி அனுப்பினால் அவர்மீது கோபப்படாதீர்கள்.

வாங்கும் நாளிலேயே கடை வாசலில் நின்று ஒரு சோதனை செய்துவிடலாம். தொலைவில் இருக்கும் ஒரு மொட்டைமாடிச் சுவரின் விளிம்பைப் பாருங்கள். பிறகு பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரம் விலக்குங்கள். இப்போது இரண்டு சிறு வட்டங்கள் தனித்தனியே தெரியும். இரண்டிலும் அந்த விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலும் மற்றதில் கீழும் தெரிந்தால் குழல்கள் இணையாக இல்லை என்று பொருள். பக்கவாட்டில் சிறிது விலகியிருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், மேல்கீழாக விலகியிருந்தால் பொறுக்காது. தலைவலி வருவது அதனால்தான். இதே குறையை ஆறு மாதம் கழித்துச் சொன்னால் "கீழே போட்டிருப்பீர்கள்" என்பார்கள், மறுப்பது கடினம். இணையத்தில் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதைச் செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். இறக்குமதியான பொருளின் பெட்டிமேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், புகார் செய்யத் தொலைபேசியும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சிறு தாள்தான் இந்தியாவில் உங்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதைக் காட்டுகிறது. அது இல்லாத பெட்டி மலிவாகக் கிடைத்தால் வேறு வழியில் வந்த சரக்கோ என்று சந்தேகப்படுங்கள். பில்லில் கருவியின் வரிசை எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் கேட்டால்தான் எழுதுவார்கள்.

"வாழ்நாள் வாரண்டி" என்ற சொல்லைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள். அமெரிக்காவில் அது பொய்யான விளம்பரம் அல்ல. அங்கே வேட்டை பெரிய பொழுதுபோக்கு, பெரிய சந்தையும்கூட. பில் கேட்காமல், கைமாறி வந்ததா என்றுகூடக் கேட்காமல் பழுதுபார்த்துத் தரும் நிறுவனங்கள் அங்கே உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கிவந்த கருவியை இங்கே உள்ள விநியோகஸ்தர் ஏற்க மறுப்பதும் உண்டு. அப்போது அதை வாங்கிய நாட்டுக்கே அனுப்ப வேண்டும். பழுதுபார்க்கத்தான் போகிறது என்பதற்கான ஆவணம் இல்லாமல் அனுப்பினால், திரும்பி வரும்போது சுங்கத்தில் புதுப் பொருளாகக் கருதி வரி கேட்கலாம். போகவர ஆகும் கூரியர் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்புகளும் எப்போதாவது வருகின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆகவே, சுடும் பயிற்சிக் கழகத்தில் இருப்பவர்களின் ஸ்கோப்பை மட்டும்தான் பழுதுபார்க்க ஏற்கிறேன், அதற்கான சான்றையும் கேட்கிறேன். அவர்களுக்கு ஒரு செய்தி. சுருள்வில் ஏர் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப் இந்த இரட்டை உதையில் உள்ளே தளர்ந்துவிடும். ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிடிவளையத்தை அளவுக்கு மீறி முறுக்கி, குழலில் பள்ளம் விழுந்திருந்தாலும் வாரண்டி கிடைக்காது.

பூஞ்சையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வாரண்டித் தாள்களில் பெரும்பாலும் அது விலக்கப்பட்டிருக்கும். வால்பாறையின் ஈரத்துக்குத் தோல் உறைதான் முதல் எதிரி. உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்குத் தீனியும் அதுவே. காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் நீல நிறச் சிலிக்கா ஜெல்லைப் போட்டு, அதில் வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி நீலமாக்கிக்கொள்ளலாம். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் திறந்த ஒரு ஃபோகஸ் சக்கரத்தில் கிரீஸும் தவிட்டுத் தூளும் கலந்து களியாகக் கிடந்தது. பல்லடம், திருப்பூர்ப் பக்கத்தில் ஈரம் குறைவு. அங்கே ஆடிக் காற்றின் புழுதியும் பஞ்சுத் தூசியும்தான் தொல்லை. லென்ஸை முதலில் ஊதுகுழலால் ஊதிவிட்டு, பிறகு துடையுங்கள். வேட்டி முனையால் தேய்த்தால் புழுதியே உப்புத்தாளாகி லென்ஸ் பூச்சைச் சுரண்டும்.

சரி, வாரண்டியில் அனுப்பத்தான் வேண்டும் என்றால் தொலைபேசியில் பேசி முடித்துவிடாதீர்கள். பேசியதற்குச் சாட்சி இல்லை. குறை என்ன, எந்த நாளில் தெரிந்தது, வரிசை எண் என்ன என்று நான்கு வரி மின்னஞ்சலில் எழுதுங்கள். அனுப்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நேரில் கொடுத்தால் பணிச்சீட்டில் "கீறல் இல்லை, திறக்கப்படவில்லை" என்று எழுதி வாங்குங்கள். "முடியாது" என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தர மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

வால்பாறைக்காரரின் கருவியைத் திறந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினேன். லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கழுவியபின் இழைகள் போய்விட்டன. ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்த தடம் அப்படியே நின்றது. அதை எந்தத் திரவமும் எடுக்காது. செய்ததையும் செய்ய முடியாததையும் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய் எதிர்வீட்டுத் தென்னையை வெகுநேரம் பார்த்தார். தோட்டத்து ஆலமரத்துக்கு இருவாச்சிப் பறவை வரும் காலம் நெருங்குகிறது, வெயிலுக்கு எதிரே பார்த்தால் மட்டும் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை என்றார். பழைய தோல் உறையை என் மேசையிலேயே விட்டுவிட்டு, டப்பா எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.