வழக்கு போடும் முன் ஒரு கேள்வி: செய்தது அரசா, தனியாரா?

"இது அமெரிக்கா சார், இங்கே எல்லாருக்கும் சுதந்திரம் உண்டுதானே? அப்புறம் எப்படி இவங்க இப்படிச் செய்யலாம்?"

நியூ ஜெர்சியில் சிவில் உரிமை வழக்குகள் நடத்தும் என்னிடம் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்ததற்காக மேலாளரிடம் பேச்சு வாங்கியவராக இருக்கலாம். பள்ளியில் கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்காத பிள்ளையின் அம்மாவாக இருக்கலாம். ஃபேஸ்புக்கில் எழுதிய அரசியல் பதிவால் வேலை போனவராகவும் இருக்கலாம். எல்லோரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். செய்தது யார்? அரசாங்கமா, தனியாரா?

அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் 1791-இல் வந்தது. அது அரசாங்கத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது: அரசு மதம் என்று ஒன்றை நிறுவாதே, வழிபாட்டைத் தடுக்காதே, பேச்சையும் பத்திரிகையையும் அமைதியான கூட்டத்தையும் ஒடுக்காதே. முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்திய இந்த விதி, 1868-இல் வந்த 14-ஆவது திருத்தத்தின் வழியாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்ற நிலைக்கு உச்ச நீதிமன்றம் பிறகுதான் வந்தது. பேச்சுரிமையில் 1925-இலும், வழிபாட்டுரிமையில் 1940-இலும். ஆகவே போலீஸ், அரசுப் பள்ளி, டவுன்ஷிப் எனப்படும் உள்ளூர் நிர்வாகம், மாநிலப் பல்கலைக்கழகம், பொது நூலகம் எல்லாம் முதல் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டவை. ஐ.டி. கம்பெனியும் தனியார் பள்ளியும் குடியிருப்போர் சங்கமும் ஃபேஸ்புக்கும் கட்டுப்பட்டவை அல்ல. தனியாருக்கென்று வேறு சட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு நீதிமன்ற வழி, வேறு கெடு. இந்த வித்தியாசம் தெரியாமல் தவறான இடத்தில் முறையிட்டுக் காலம் போக்கி, கெடு முடிந்தபின் வருபவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கனத்துப்போகிறது.

அரசு செய்ததற்கு முதலில் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த அக்காவும் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். அவளுக்கு 12 வயது, அவனுக்கு 10. கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி இருவரையும் வெளியேற்றியது. 1940 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்தச் சபையார் மீது நாடு முழுக்கத் தாக்குதல்கள் நடந்தன. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களின் வழிபாட்டுக் கூடம் அதே மாதம் கொளுத்தப்பட்டது.

அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி மேற்கு வர்ஜீனியா கல்வி வாரியம் 1942 ஜனவரியில் எல்லாப் பிள்ளைகளும் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மறுத்தால் பள்ளியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்ட பிள்ளை 'பள்ளிக்கு வராத பிள்ளை' ஆகிவிடும், அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம். அன்றைய வணக்கமே கையை விறைப்பாக முன்னே நீட்டுவது. நாஜிகளின் வணக்கத்தை நினைவூட்டுகிறது என்பதால்தான் 1942 டிசம்பரில் காங்கிரஸ் அதை மாற்றி, நெஞ்சில் கை வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. சார்ல்ஸ்டன் அருகே படித்துவந்த இரண்டு சிறுமிகளின் குடும்பம் வழக்கு போட்டது. போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூன் 14 அன்று, அமெரிக்கக் கொடி நாளன்றே, உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுக்கு முந்தைய தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. ஆறுக்கு மூன்று. எதை நம்ப வேண்டும், எதை வாயால் சொல்ல வேண்டும் என்று எந்த அதிகாரியும், பெரியவரானாலும் சிறியவரானாலும், குடிமக்களுக்குக் கட்டளையிட முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் தீர்ப்பு அது. நாடே போரில் ஒன்றுபட்டு நின்ற நேரத்தில், யாரும் விரும்பாத ஒரு சின்னச் சபையின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பதுதான் அதன் பெருமை.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. 1985-இல் கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிய தீர்ப்பில் இந்த அமெரிக்க வழக்குகளையும் ஆராய்ந்தார்.

இன்றைக்கு இதன் பொருள் என்ன? அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை உறுதிமொழி சொல்லாமல் இருக்கலாம், அதற்காக ஆசிரியர் தண்டிக்க முடியாது. டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். 1969-இல் அயோவாவின் டி மொய்ன் பள்ளி வழக்கில் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டி அணிந்த மாணவர்களுக்கு வெற்றி கிடைத்தது. பாடம் நடத்துவதைப் பெரிதாகக் குலைக்காதவரை மாணவருக்கும் கருத்துரிமை உண்டு என்பது அதில் வந்த விதி. 2021-இல் வார இறுதியில் பள்ளிக்கு வெளியே ஸ்னாப்சாட்டில் கோபமாகத் திட்டிப் பதிவிட்ட பென்சில்வேனியா மாணவி ஒருத்தியும் எட்டுக்கு ஒன்று என்று வென்றாள். ஆனால் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால் இந்த மூன்று தீர்ப்புகளும் உதவாது. அங்கே நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மாநிலச் சட்டமும்தான் பேசும்.

கோயில் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொரு வழக்கு. நியூ ஜெர்சியில் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் ஒரு சிறிய மசூதி கட்ட அனுமதி கேட்டது. சங்கத்தின் தலைவரே அந்த ஊரின் முன்னாள் மேயர். கட்டட அனுமதி தரும் பிளானிங் போர்டு 39 கூட்டம் நடத்தியது. தேவாலயங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு கார் நிறுத்துமிடம் என்பது ஊரின் விதி, அந்தக் கணக்கில் மசூதிக்கு 50 இடம் போதும். போர்டு கேட்டது 107. கூடுதல் இடம் ஒதுக்கினால் வடிகாலும் மரவேலியும் மாறும், மாற்றினால் இன்னொரு ஆட்சேபம் வரும். 2015 டிசம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. சங்கம் 2000-ஆம் ஆண்டின் மத நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு போட்டது, மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகமும் தனியாக வழக்கு போட்டது. தேவாலயத்துக்கு ஓர் அளவு, மசூதிக்கு வேறு அளவு என்பது மதப் பாகுபாடே என்று 2016 டிசம்பர் 31 அன்று மத்திய நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு டவுன்ஷிப் 32.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

நம் கோயில் குழுக்களுக்கு நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுப்பு ஒருபோதும் "உங்கள் மதம் வேண்டாம்" என்ற உருவில் வராது. பார்க்கிங், போக்குவரத்து, மழைநீர், மணிச்சத்தம் என்றுதான் வரும். அவற்றில் சில நியாயமான கவலைகளாகவும் இருக்கும். தைப்பூசத்தன்றும் சிவராத்திரியன்றும் தெரு நிரம்பும் என்பது உண்மைதான். கேட்க வேண்டியது, ஈஸ்டர் அன்று நிரம்பும் பக்கத்துத் தேவாலயத்திடம் இதே கேள்வி கேட்கப்பட்டதா என்பது. அந்தத் தேவாலயத்தின் அனுமதிக் கோப்பைப் பொது ஆவணச் சட்டத்தின்படி முதல் கூட்டத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும், பேசுவதை வரிக்கு வரி எழுதிப் பதிவுசெய்பவரை அழைத்துச் செல்லுங்கள். பெர்னார்ட்ஸ் வழக்கின் பலமே ஊரின் சொந்தக் காகிதங்களில்தான் இருந்தது.

இனி தனியார். வேலையிடத்தில் மத உரிமை என்பது 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதியிலிருந்து வருகிறது. 15 அல்லது அதற்கு மேல் ஆள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நியூ ஜெர்சியின் மாநிலச் சட்டத்துக்கு அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையும் இல்லை. 1977 முதல் ஏறத்தாழ 46 ஆண்டு, மத நம்பிக்கைக்காக ஊழியர் கேட்கும் சலுகையை, சொற்பச் செலவு வந்தாலே முதலாளி மறுக்கலாம் என்ற நிலை இருந்தது. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை அமேசான் பார்சல் கொண்டுபோக மறுத்த கிறிஸ்தவத் தபால் ஊழியர் ஒருவரின் வழக்கில், 2023 ஜூன் 29 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். இப்போது தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை என்று முதலாளி காட்ட வேண்டும். சக ஊழியருக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பது சுமைக் கணக்கில் சேராது.

மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்ப்பவருக்கும், நெற்றியில் திருநீறு இடுபவருக்கும், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒரு மணி நேரம் கேட்பவருக்கும், புனித வெள்ளிக்கு விடுப்பு கேட்பவருக்கும் இந்தத் தீர்ப்பு நேரடியாக உதவுகிறது. உங்கள் மதத்தார் எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை, உங்கள் நம்பிக்கை உண்மையானதா என்பதே கேள்வி. ஆனால் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். காபி மெஷின் பக்கத்தில் மேலாளரிடம் சொன்னது நாளைக்கு நிரூபணம் ஆகாது. "என் மத நம்பிக்கையின் காரணமாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இது தேவைப்படுகிறது" என்று ஹெச்.ஆருக்கு மூன்று வரி மின்னஞ்சல் போதும். பெரும்பாலான விஷயம் அந்த மூன்று வரியிலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு விஷயத்தில் சிகாகோ வழக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீடுகள் தனித்தனியாகச் சொந்தமான ஒரு காண்டோ அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசலுக்கு வெளியே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்ற விதி 2001 முதல் இருந்தது. செருப்பும் குடையும் நடைவழியில் கிடக்காமல் இருக்கப் போட்ட விதி. 2004-இல் நடைவழிக்குப் பெயின்ட் அடித்தபின், யூதக் குடும்பங்கள் கதவு நிலையில் பதிக்கும் மெசூசா என்ற, வேத வரிகள் அடங்கிய சிறு பேழையையும் குடியிருப்போர் சங்கம் கழற்ற ஆரம்பித்தது. ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் இறந்துபோனார். துக்க நாட்கள் முடியும்வரை தொடமாட்டோம் என்று சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு வீட்டார் திரும்பி வந்தபோது வாசலில் மெசூசா இல்லை. 2009-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது திட்டமிட்ட மதப் பாகுபாடாக இருக்கலாம், 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்படி ஜூரி விசாரிக்கலாம் என்றது. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி அபராத நோட்டீஸ் வாங்கியவர்கள் இதை நினைவில் வையுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் விதியை எதிர்ப்பது கஷ்டம். கிறிஸ்துமஸ் வளையத்தை விட்டுவிட்டுத் தோரணத்தை மட்டும் கழற்றச் சொன்னால் கதை வேறு. கதவுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

பேச்சு விஷயத்தில் தனியார் ஊழியருக்குப் பாதுகாப்பு குறைவு. ஃபேஸ்புக் பதிவுக்காகக் கம்பெனி வேலையைவிட்டு நீக்கினால் முதல் திருத்தம் கைகொடுக்காது. கனெக்டிகட், கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் வெவ்வேறு அளவில் மாநிலச் சட்டம் உண்டு. சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பற்றிச் சக ஊழியரோடு பேசுவதைத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது, தொழிற்சங்கம் இல்லாவிட்டாலும்.

விசாவில் இருப்பவர்கள் "எனக்கும் உரிமை உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த முயன்ற வழக்கில், இங்கே வாழும் அயல்நாட்டாருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1945-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1952-இல் அதே நீதிமன்றம் முன்னாள் கம்யூனிஸ்டுகளை நாடு கடத்துவதை அனுமதித்தது. 2025 செப்டம்பரில் பாஸ்டன் மத்திய நீதிமன்றம், சட்டப்படி இங்கிருக்கும் வெளிநாட்டாருக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு உங்கள் பக்கம் வருவதற்குள் தடுப்புக் காவலில் பல வாரம் கழியலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. விசாவில் இருந்துகொண்டு போராட்டத்துக்குப் போகிறவர்கள் குடியேற்ற வக்கீலின் எண்ணைக் கையோடு வைத்திருங்கள்.

பணம் பற்றி. அரசு அதிகாரிகள் மீதான வழக்கு பெரும்பாலும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், செக்‌ஷன் 1983 என்ற பெயரில் போடப்படுகிறது. வென்றால் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பு தர வேண்டும் என்று 1976-இல் காங்கிரஸ் சட்டம் போட்டதால்தான் சாதாரண மனிதர்களால் வழக்கு போட முடிகிறது. 2021-இல் ஜார்ஜியா கல்லூரி மாணவர் வழக்கில், கல்லூரி விதியை மாற்றிக்கொண்ட பின்னும் ஒரு டாலர் நஷ்டஈட்டுக் கோரிக்கை வழக்கை உயிரோடு வைக்கும் என்று எட்டுக்கு ஒன்று தீர்ப்பு வந்தது. 2025-இல் வர்ஜீனியா ஓட்டுநர் உரிம வழக்கில், இடைக்காலத் தடை வாங்கியபின் அரசு சட்டத்தை மாற்றிக்கொண்டால் அதை வெற்றி என்று சொல்ல முடியாது, வக்கீல் கட்டணமும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பார்வையில் இது ஏழைகளின் வழக்குகளைப் பாதிக்கும் தீர்ப்பு. ஆகவே தடையாணையை மட்டும் கேட்காமல், முதல் மனுவிலேயே நஷ்டஈடும் கேட்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். செக்‌ஷன் 1983 வழக்குக்கு நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இரண்டு ஆண்டு, நியூயார்க்கில் மூன்று, டென்னசியில் ஒன்றே ஒன்று. வேலையிடப் பாகுபாட்டுக்கு மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், மாநில ஆணையம் உள்ள இடங்களில் 300 நாள். மத்திய அரசு ஊழியர் தன் துறையின் சம வேலைவாய்ப்பு ஆலோசகரை 45 நாளுக்குள் அணுக வேண்டும். நீங்கள் வழக்கு போடலாம் என்று ஆணையம் கடிதம் அனுப்பினால் 90 நாளுக்குள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். ஹெச்.ஆர் உள்விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்த நாட்கள் நின்று காத்திருக்காது. வேலையைவிட்டு நீக்கும்போது கையில் கொடுக்கும் பணிநிறைவு ஒப்பந்தத்தில் "எந்த வழக்கும் போடமாட்டேன்" என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவரென்றால், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தைப் படிக்கச் சட்டமே குறைந்தது 21 நாள் தருகிறது. வயது குறைவாக இருந்தாலும் ஒரு வாரம் கேளுங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.