கொடி தலைகீழாக இருந்தால் முதலில் போனைக் கீழே வையுங்கள்

சுதந்திர தினம் முடிந்த வாரத்தில் சென்னை தம்பு செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் வக்கீல் ஆபீஸுக்குத் தவறாமல் வரும் ஒரு போன்: "சார், எங்க அபார்ட்மென்ட்ல கொடியைத் தலைகீழா ஏத்திட்டாங்க. வீடியோ இருக்கு. என்ன செக்‌ஷன் போடலாம்?"

இந்த வருடம் போன் செய்பவருக்குப் பதிலாக புகாருக்கு ஆளான தரப்பே நேரில் வந்து உட்கார்ந்தது. வேளச்சேரிப் பக்கம் ஒரு குடியிருப்பு. விடியற்காலையில் கொடியைக் கயிற்றில் கட்டியவர் வாட்ச்மேன். பச்சை மேலே போய்விட்டது. கூட்டத்தில் ஒருவர் கவனித்தார். வாயைத் திறக்காமல் படம்பிடித்தார். சங்கச் செயலாளர் பார்த்து, இறக்கி, மாற்றிக் கட்டுவதற்குள் வீடியோ குரூப் குரூப்பாகப் போய்விட்டது. சாயங்காலம் ஸ்டேஷனில் புகார், அதைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது. மறுநாள் வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். படம்பிடித்தவருக்கும் செயலாளருக்கும் பார்க்கிங் தகராறு இருந்தது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. கொடிப் புகாரைக் கொஞ்சம் துருவினால் அடியில் பார்க்கிங்கோ மெயின்டனன்ஸ் பாக்கியோ இருக்கும். தொழிலில் கண்டது இது.

சரி, சட்டத்துக்கு வருவோம். இரண்டு தனித்தனி விஷயங்களை எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ இழிவுபடுத்துவது இதன்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்று, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் கொடி விதித்தொகுப்பு. எப்படி ஏற்ற வேண்டும், எங்கே வைக்க வேண்டும், நைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை, அரசின் நிர்வாக அறிவுரை. 2004-ல் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும், அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளும் உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

ஆக, விதித்தொகுப்பில் ஒரு வரி பிசகினால் உடனே ஜெயில் என்பது கிடையாது. அந்த வரிகளே மாறிக்கொண்டிருக்கின்றன. பாலியெஸ்டர் கொடி கூடாது என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள்; 2021 டிசம்பர் திருத்தத்தில் அதை அனுமதித்தாகிவிட்டது. சூரியன் மறைந்ததும் இறக்காவிட்டால் குற்றம் என்கிறார்கள். திறந்தவெளியிலோ வீட்டிலோ இரவும் பகலும் பறக்கவிடலாம் என்று 2022 ஜூலையில் திருத்தியாகிவிட்டது. பழைய ஃபார்வேர்டை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் எழுதாதீர்கள்.

தலைகீழ் விவகாரத்துக்கு 1971 சட்டத்திலேயே பதில் இருக்கிறது. காவி கீழே வரும்படி 'வேண்டுமென்றே' பறக்கவிட்டால்தான் அது அவமதிப்பு. தரையில் படுவதற்கும் இதேதான்: வேண்டுமென்றே படவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கயிற்றை மாற்றிக் கட்டியவர் கொடியை அவமதித்தவர் ஆகமாட்டார். அது கைப்பிசகு. தப்பு நடந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த எண்ணத்தோடு நடந்தது என்றும் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கோவையில் 2013-ல் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ண இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் போட்ட கேக்கை வெட்டினார்கள். அதற்கும் புகார், அதற்கும் வழக்கு. 2021 மார்ச்சில் நமது உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்து செய்தார். கேக் விஷயத்துக்கு ஐகோர்ட் வரை வர வேண்டியிருந்தது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. "பேச்சுரிமை இருக்கு சார், அமெரிக்காவுல கொடியை எரிச்சாக்கூடத் தப்பில்லையாமே?" என்று கேட்கும் கல்லூரித் தம்பிகள். ஆமாம் தம்பி, 1989-ல் டெக்சாஸ் வழக்கில் அங்கே அப்படித்தான் தீர்ப்பு. நீங்கள் இருப்பது பாரிமுனை. இங்கே பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் அரசியல் சாசனப் பிரிவு 19(2) என்று ஒன்று இருக்கிறது, 1971 சட்டமும் இருக்கிறது. பொது இடத்தில் எரித்துவிட்டு என்னிடம் வந்தால் ஜாமீன் மனு போடத்தான் முடியும், தத்துவம் பேச முடியாது. ஆனால் பேசுவதற்கு இடமே இல்லை என்று நினைக்காதீர்கள். கொடியையோ, அரசியல் சாசனத்தையோ, அரசின் நடவடிக்கையையோ சட்டப்படி மாற்ற வேண்டும் என்று விமர்சிப்பது குற்றமாகாது என்று அதே சட்டத்தின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியை விட்டு நீக்கியது தவறு என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உண்மையில் சட்டம் தடுத்திருப்பதையெல்லாம் நாம் பாசத்தோடு செய்துகொண்டிருக்கிறோம். சேப்பாக்கத்தில் மேட்ச் நாளன்று பாருங்கள்: வெள்ளைப் பட்டையில் ஊர்ப் பெயர், ஆட்டக்காரர் பெயர், சங்கத்தின் பெயர் என்று எழுதாத கொடி அபூர்வம். கொடியில் எதையும் எழுதக் கூடாது. கார் பானட்டில் போர்த்தக் கூடாது. மேடையில் பேச்சாளர் மேஜைக்கு விரிப்பாகப் போடக் கூடாது. கைக்குட்டையிலோ குஷனிலோ அச்சடிக்கக் கூடாது. இவற்றை யாரும் படம்பிடித்துப் புகார் தருவதில்லை. பட்டியலின ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடாமல் தடுக்கும் ஊர்கள் பற்றியும் இந்த வாட்ஸ்அப் வீரர்கள் மூச்சு விடுவதில்லை. சாதிப் பாகுபாடு இல்லாமல் அவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று 2022-ல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்கு எழுத வேண்டி வந்தது.

சங்கச் செயலாளர்களே, முந்தின நாள் சாயங்காலமே ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். காவிப் பக்கம் வரும் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள். கயிற்றில், கொடியில் அல்ல. குழந்தைகளுக்குக் கொடுத்த காகிதக் கொடிகளைத் திரும்ப வாங்குங்கள், குப்பை வண்டியில் போட வேண்டாம். நைந்த கொடியை முழுசாக, தனியிடத்தில், மரியாதையோடு எரிப்பது விதித்தொகுப்பே சொல்லும் முறை. தனியிடம் என்றேன், மொட்டை மாடியில் நின்று ரீல்ஸ் எடுக்கச் சொல்லவில்லை.

ஏற்கெனவே புகார் ஆகிவிட்டதா? ஸ்டேஷனில் கேட்டார்களே என்று "கொடியை அவமதித்ததற்கு மன்னிக்கவும்" என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. கொடியைக் கட்டியது யார், தவறு எப்போது தெரிந்தது, எத்தனை மணிக்குச் சரிசெய்தீர்கள், அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். சரிசெய்த பிறகு எடுத்த படம் இருந்தால் இணையுங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.