மறிப்பு: கேபிளின் மேல் அச்சிட்ட 75 ஓம் எங்கே இருக்கிறது?

டிவி கேபிளின் கறுப்பு உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் 'ஆர்ஜி-6, 75 ஓம்' என்று வெள்ளை எழுத்தில் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கிய நாட்களில் அதைப் படித்ததும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையை நடுக்கம்பியிலும் இன்னொன்றை வெளிவலையிலும் வைத்தேன். மீட்டர் எதுவும் காட்டவில்லை. கேபிளின் மறுநுனியில் கம்பியையும் வலையையும் சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டு சொச்சம் ஓம். கேபிளைப் பாதியாக வெட்டியபோது அதுவும் பாதியானது. 75 எங்கேயும் இல்லை.

அந்த எண்ணுக்கு ஆங்கிலப் பெயர் 'கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ்'. தமிழில் 'சிறப்பு மின்மறுப்பு', 'சிறப்பியல்பு மின்மறிப்பு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எது சரி என்று கேட்பவர்களுக்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. முதலில் அந்த 75-ஐ எப்படி அளப்பது என்று காட்டுவேன். அளந்து பார்த்தவருக்குச் சொல் தானாகப் பிடிபடும்.

மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடுப்பே இம்பீடன்ஸ். அந்தச் சொல்லை 1886-இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. இளமையில் கடலடித் தந்தி நிறுவனத்தில் தந்தியாளராக இருந்த இங்கிலாந்துக்காரர். கம்பியில் அனுப்பிய புள்ளியும் கோடும் அடுத்த கரையில் குழம்பிப்போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தவர். இண்டக்டன்ஸ், கண்டக்டன்ஸ், அட்மிட்டன்ஸ் என்று இன்று நாம் புழங்கும் பல சொற்கள் அவர் கொடுத்தவைதான். 'இம்பெடிரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து இதை எடுத்தார். அதற்குள் இருக்கும் 'பெட்' என்பது கால். சைக்கிளின் பெடலில் இருப்பதும் அதே வேர். காலைக் கட்டிப்போடுவது என்பதுதான் மூலப்பொருள். அப்படியே தமிழில் சொன்னால் தளை, கால்கட்டு.

சிக்கலெண்களை (காம்ப்ளெக்ஸ் நம்பர்) வைத்து இம்பீடன்ஸைக் கணக்கிடும் முறையை 1893-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் வைத்தவர் ஆர்தர் கென்னலி. அவர் பிறந்தது 1861-இல், பம்பாய்க் கொலாபாவில். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

'கேரக்டர்' கிரேக்கச் சொல். நாணயத்தில் முத்திரை குத்தும் கருவி, அது பதித்த அடையாளம் என்று பொருள். ஆக, பொருளின் மேல் பதிந்துவிட்ட, அதைவிட்டுப் பிரிக்க முடியாத தன்மை. கேபிளுக்கு அந்த முத்திரையைப் போடுவது அதன் வடிவம்: நடுக்கம்பியின் தடிமன், அதைச் சுற்றிய வெள்ளை நுரையின் விட்டம், நுரையின் தன்மை. நீளத்துக்கு இதில் பங்கே இல்லை. பத்து மீட்டர் துண்டும் 75, நூறு மீட்டர் சுருளும் 75.

இது எப்படி என்று கேட்டால் நான் சொல்லும் உதாரணம் நிலா. இழப்பே இல்லாத ஆர்ஜி-6 கேபிளை நிலா வரை இழுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் 9 வோல்ட் பேட்டரியை இணைக்கிறீர்கள். அந்த முனை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது பேட்டரிக்கு இன்னும் தெரியாது. சேதி போய்த் திரும்ப ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். அதுவரை பேட்டரியிலிருந்து 120 மில்லிஆம்பியர் சீராக ஓடும். ஒன்பதை 0.12-ஆல் வகுத்தால் 75. கம்பியில் நகரும் அலைக்கு இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை ஆம்பியர் என்று கேபிள் வகுத்துவைத்த விகிதம் அது. மின்தடைபோல அது எதையும் சூடாக எரிப்பதில்லை.

சரி, வீட்டில் இருப்பது இருபது மீட்டர்தான். அதில் போய்த் திரும்ப 160 நானோ செகண்ட். மல்டிமீட்டர் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் தோற்றது அங்கேதான்.

மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப் கையில் இருந்தால், அதைப் பிடிக்க மேற்கொண்டு 74 எச்சி 14 என்ற ஐசி ஒன்று போதும். சில பத்து ரூபாய்தான் ஆகும். உள்ளே ஆறு கேட் (சிறு லாஜிக் சுற்று) இருக்கும். ஒன்றை ஆசிலேட்டராக்கி விநாடிக்குச் சில லட்சம் தடவை துடிக்கவிட்டு, மற்ற ஐந்துக்கும் ஆளுக்கொரு 330 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாகச் சேர்த்தால், கேட்டுகளின் உள்தடையும் கூடி ஏறக்குறைய 75 ஓம் உள்தடையோடு துடிப்பு தரும் ஒரு மூலாதாரம் கிடைத்துவிடும். அந்தப் புள்ளியில் கேபிளையும் ஆசிலோஸ்கோப்பையும் மாட்டுங்கள். ஸ்கோப் பழையதாக இருந்தால் கேபிளை நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேகக் குறைவை நீளம் ஈடுசெய்யும்.

இப்போது திரையைப் பாருங்கள். மறுமுனை திறந்திருக்கும்போது கோடு பாதி உயரம் ஏறி, 160 நானோ செகண்ட் அங்கேயே நின்று, பிறகு மீதிப் பாதியும் ஏறும். நடுவில் ஒரு படி வைத்த படிக்கட்டு மாதிரி. முனையைச் சேர்த்து முறுக்கினால் பாதி உயரம் ஏறிய கோடு, அதே நேரம் கழித்துத் தரைக்கு விழும். இரண்டாவது அசைவு எதுவோ, அது முனையில் முட்டித் திரும்பி வந்த அலை.

அப்புறம் முனையில் ஒரு 500 ஓம் பிரீசெட்டை (திருப்பித் தடையை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) மாட்டி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள். அந்த இரண்டாவது படி தாழ்ந்துகொண்டே வரும். ஓர் இடத்தில் முதல் படியோடு சமமாகும், இன்னும் திருப்பினால் பள்ளமாகும். சமமான இடத்தில் நிறுத்துங்கள். பிரீசெட்டின் கால்கள் நீளமாக இருந்தால் அங்கே ஒரு சின்ன மூக்கு மட்டும் எஞ்சும். கால்களைக் குட்டையாக வெட்டினால் அதுவும் அடங்கும். வயர்வவுண்ட் வகை மட்டும் வேண்டாம், அதன் சுருளே தனியாக ஒரு தூண்டியாக வேலை செய்யும். பிரீசெட்டைக் கழற்றி, அன்று தோற்ற அதே மல்டிமீட்டரில் வைத்தேன். 74.6.

அந்த இடத்தில்தான் எனக்குத் தமிழ்ச் சொல் பிடிபட்டது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலில் மின்தூண்டியும் மின்தேக்கியும் செய்வது மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்); அதுவும் மின்தடையும் சேர்ந்த மொத்தம் மின்எதிர்ப்பு (இம்பீடன்ஸ்). தேர்வுக்கு எழுதுபவர்கள் அப்படியே எழுதட்டும். ஆனால் இம்பீடன்ஸுக்கு 'மின்மறுப்பு' என்று எழுதினால் அது ரியாக்டன்ஸின் பெயரோடு மோதும். 'எதிர்ப்பு' என்பதோ காதில் 'தடை' போலவே விழுகிறது. 'மறிப்பு' என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. என் தேர்வு அதுதான்.

மறித்தல் என்றால் குறுக்கே நின்று தடுத்தல். சாலை மறியலும் ரயில் மறியலும் நமக்குத் தெரியும். இலங்கையில் மறியல் என்றால் சிறை. விளக்கமறியல் (விசாரணைக் காவல்) அங்கே அன்றாடச் செய்திச் சொல். கால்கட்டு என்ற இலத்தீன் பொருளுக்கு இது பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இதே வேருக்கு இன்னொரு முகம் உண்டு. மறிதல் என்றால் மடங்குதல், திரும்புதல். கரையில் மோதி மடங்கும் அலையைப் பழைய பாடல்கள் 'மறிதிரை' என்னும். தடுப்பதற்கும், தடுக்கப்பட்ட அலை திரும்பி வருவதற்கும் தமிழில் ஒரே வேர்! கேபிளின் முனையில் நடப்பது அதுவேதான். முனையில் இருக்கும் மறிப்பு கேபிளின் மறிப்போடு பொருந்தவில்லை என்றால் அலை மறியும். பொருந்தினால் மறியாது. ஹெவிசைடின் சொல்லுக்குள் இந்த இரண்டாவது பொருள் கிடையாது.

'சிறப்பு' என்ற முன்னொட்டைக் கைவிடலாம் என்பது என் கருத்து. சிறப்பு ரயில், சிறப்பு விருந்தினர் என்று பழகிய காதுக்கு, வழக்கமான மறிப்பு ஒன்றும் விசேஷமான மறிப்பு ஒன்றும் இருப்பதாகத் தோன்றும். கேரக்டர் சொல்வது பிறவிக்குணத்தை. அதற்கு நம்மிடம் 'இயல்பு' இருக்கிறது. 'இயல்பு மறிப்பு' என்று சொன்னால், வெட்டினாலும் நீட்டினாலும் மாறாதது என்ற கருத்து சொல்லிலேயே வந்துவிடுகிறது. மின்வாரியக்காரர்கள் உயரழுத்தக் கம்பிகளுக்கு 'சர்ஜ் இம்பீடன்ஸ்' என்பதும் இதையேதான். அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் வசதி இருந்தால், முனை திறந்த இருபது மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் ஏறக்குறைய 1.06 நானோஃபாரட் காட்டும். நுரை வைத்த கேபிளில் அலை ஒளியின் வேகத்தில் 83 விழுக்காட்டில் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரு பக்கப் பயணத்துக்கு 80 நானோ செகண்ட். எண்பதை 1.06-ஆல் வகுத்தால் 75-க்கு அரை ஓம் கூட. நேரத்தை மின்தேக்குத்திறனால் வகுத்தால் இயல்பு மறிப்பு, அவ்வளவுதான் கணக்கு. ஹாம் ரேடியோக்காரர்களின் ஆர்ஜி-58 கேபிளில் நுரை கிடையாது, கெட்டிப் பாலிஎத்திலீன். அங்கே வேகம் 66 விழுக்காடு, மீட்டருக்கு 5 நானோ செகண்ட், 100 பிக்கோஃபாரட். வகுத்தால் 50.